மூன்றாவது வரி

மாலை நான்கு மணிக்குள் அறிக்கை போக வேண்டும்.
பனிச்சரிவு அபாயம்: நிலை மூன்று.
வடகிழக்குச் சரிவுகளில் எச்சரிக்கை தேவை.
லிங்கென் மலைகளுக்கு
ஏழு குளிர்காலம் இதையே எழுதினேன்.
எழுதினேன் என்பதும் மிகை.
நேற்றையதை நகலெடுத்துத் தேதியை மாற்றினேன்.

ரொட்டிக்கடை ஊத்வார் ஒருநாள்
இலவங்கப்பட்டை பன்னைக் காகிதத்தில் சுற்றியபடி சொன்னார்:
"யோருன், உன் அறிக்கையை என் மகன்
முதல் வரியோடு விட்டுவிடுகிறான்.
மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் மாதிரி இருக்கிறதாம்."
அவர் மகனுக்கு அப்போது தோளில் கட்டு.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டு வந்தேன்.
கோபம் கார் வரைக்கும் இருந்தது.

மறுநாள் பனியில் குழி தோண்டினேன், வழக்கம்போல.
அடுக்கடுக்காய் விரலால் தொட்டு,
பென்சிலால் குறித்து.
முழங்கை ஆழத்தில்
சர்க்கரைபோல் உதிரும் ஒரு படலம்.
நோட்டில் சர்க்கரை என்றுதான் எழுதுகிறேன்;
மேசைக்கு வந்ததும் அது ஏன்
"நிலைத்தன்மை குறைந்த அடுக்கு" ஆகிவிடுகிறது?
திரும்பும்போது
இடது சறுக்குக்கட்டைக்கு அடியில்
மலை ஒரு சத்தம் போட்டது.
தொம் இல்லை. தடால் இல்லை.
பக்கத்து அறையில் யாரோ
மாவு மூட்டையை இறக்கி வைத்து
மூச்சு விட்டதுபோல்,
உம்ஃ.

அன்று மூன்றாவது வரியில் அதைப் போட்டேன்:
"பதினொன்றரைக்கு என் காலடியில் மலை உம்ஃ என்றது.
நான் திரும்பிவிட்டேன்."

துரோம்சோ அலுவலகத்திலிருந்து தூர்கைர் அழைத்தார்.
அறிக்கையில் இந்த "நான்" யார் என்றார்.
குழி தோண்டியவள் என்றேன்.
கொஞ்ச நேரம் அவருடைய ஹீட்டர் மட்டும் பேசியது.
"சரி, இருக்கட்டும்."

இருந்தது. ஜனங்கள் படித்தார்கள்.
படகுத்துறையில், பெட்ரோல் பங்க்கில்
என்னைப் பார்த்து உம்ஃ என்று சிரித்தார்கள்.
தலைக்கனம் ஏறியது, ஒளிப்பானேன்.
மார்ச்சில் நீல அந்தியைப் பற்றி ஒன்பது வரி எழுதினேன்:
சிகரம் தீக்குச்சி முனையாய்ச் சிவந்ததை,
கடல் அதைக் கைபொத்தி அணைத்ததை.
அபாயம் பத்தாவது வரியில் இருந்தது.

ஹெலிகாப்டரில் இறக்கிய சூரிச்காரருக்குத்
தொடை எலும்பு இரண்டாக.
குறிப்பெடுக்கப் போன என்னைக் கண்டு
ஸ்ட்ரெச்சரில் எழ முயன்றார்.
"நீங்கள்தானா? படித்தேன்.
அவ்வளவு அழகாக எழுதியிருந்தீர்கள்,
போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை."

அந்தப் பாராட்டை எங்கே வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

பத்து நாள் பழைய தாளுக்கே ஓடினேன்.
நிலை மூன்று. எச்சரிக்கை தேவை.
பதினோராம் நாள் நோட்டைத் திறந்து,
அழகாயிருந்தால் அடித்தேன்.
அடித்த பிறகும் நின்றதை விட்டுவிட்டேன்.
தீக்குச்சி போனது.
சர்க்கரை நின்றது.
"நான்" போய்ப் போய் வந்தது,
பயந்த இடங்களில் மட்டும்.

ஏப்ரலில் ஒருநாள், ஜன்னலில் தொலைநோக்கியோடு,
எதிர்ச் சரிவில் ஒரு தடம் பார்த்தேன்.
பிர்ச் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறி
மரங்கள் முடியும் இடத்தில் நிற்கிறது.
அங்கே கொஞ்சம் மிதிபட்ட பனி,
யாரோ நின்று யோசித்த அளவுக்கு.
பிறகு அதே தடம் கீழே.

யாரென்று தெரியாது.
அந்த இடத்தில் மூன்றாவது வரி நினைவுக்கு வந்ததா,
ஃபிளாஸ்கில் காபி தீர்ந்ததா,
அதுவும் தெரியாது.
திரும்பிப் போனவர்கள் கடிதம் போடுவதில்லை.

மணி மூன்றேகால்.
நாளைக்குப் பனியோடு மழை.
நனைந்த பனி நகரும்போது வேறொரு சத்தம் போடும்.
இன்று காலை கேட்டேன்,
சொல் இன்னும் கிடைக்கவில்லை.